கொலையுண்டவரிடம் கேட்கும் நாவல்கள்

சின்ன வயதிலிருந்தே எனக்குத் துப்பறியும் கதைப் பைத்தியம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்திலும் அது விட்டுப் போகவில்லை. பெல்மதுளையில் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியான பின்னேரங்களில் ஒரு கதையைக் கையில் எடுத்தால், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிக் கொலைகாரன் யாரென்று பார்த்துவிடுவேன். கெட்ட பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை மூன்று நாவல்கள் மாற்றின. மூன்றிலும் காதல் இருக்கிறது, இழப்பு இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. ஆனால் மூன்றையும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்க முடியாது.

முதலாவது, மைக்கல் ஒண்டாச்சி ஆங்கிலத்தில் எழுதி 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'அனில்ஸ் கோஸ்ட்'. தடயவியல் படித்த அனில் என்ற பெண், தொல்பொருளியலாளர் சரத்தோடு சேர்ந்து ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடுகிறாள். இந்தக் கொலைக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது என்பது தொடக்கத்திலேயே விளங்கிவிடுகிறது. செத்தவன் யார் என்பதுதான் கேள்வி. கதையின் முக்கியமான பகுதி எக்நெலிகொட வளவில் நடக்கிறது. இரத்தினபுரி தாண்டிக் குருவிட்டைப் பக்கம், எங்கட மாவட்டம். மண்டையோட்டுக்கு முகம் கொடுக்க வருகிற ஆனந்தவும் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவன், எங்கட பக்கத்தில் நாளாந்தம் காண்கிற ஆள். அவனுடைய மனைவி சிரிஸ்ஸா காணாமல் போனவள். அவன் செய்து முடித்த முகத்தில் ஓர் அமைதி தெரிகிறது. காணாமல் போன மனைவிக்காக அவன் வேண்டிய அமைதி அது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரு குறையும் சொல்ல வேண்டும். இத்தனை பக்கத்தில் இருந்தும், எங்கட தேயிலை, இறப்பர் தோட்டத்துச் சனத்தின் வாழ்க்கை இந்த நாவலுக்கு முக்கியமாகப் படவில்லை.

இரண்டாவது, ஷெஹான் கருணாதிலக்கவுக்கு 2022இல் புக்கர் பரிசு வாங்கிக் கொடுத்த 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா'. இதன் முடிவைச் சொல்லாமல் நான் நினைத்ததைச் சொல்ல முடியாது. வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. யுத்தப் புகைப்படக்காரன் மாலி செத்துப் போய்த்தான் கண் விழிக்கிறான். தன்னைக் கொன்றது யாரென்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஏழு இரவுகள். இராணுவமா, இயக்கமா, ஜேவிபியா என்று நாமும் அவனோடு அலைகிறோம். கடைசியில் பார்த்தால், கொன்றவர் அவன் நேசித்த டிடியின் தகப்பன், ஓர் அமைச்சர். மகனை அவனிடமிருந்து பிரிக்கச் செய்த கொலை. இரண்டு ஆண்களுக்கிடையிலான அந்த உறவை எங்கட மார்க்கம் ஏற்காது. அந்தக் கொலையையும் அது ஏற்காது. நாவலில் பகிடி கொஞ்சம் கூடிப்போய், அழ வேண்டிய இடத்திலும் சிரிக்க வைக்கிறது. ஆனாலும் நாடே பிணக்காடாகக் கிடந்த காலத்தில் ஒரு கொலையின் வேர் வீட்டுக்குள் இருந்தது என்று காட்டியதே இதன் பலம்.

அந்த வீட்டுக்குள் நேராகவே கூட்டிப்போகிறது மூன்றாவது நாவல், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் ஊர், அதன் பெண்கள். தொடக்கத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபடவே நேரமெடுக்கிறது. அதற்குப் பிறகு அது எங்கட குடும்பம் மாதிரியே ஆகிவிடுகிறது. கணவனை மறுத்து வீட்டிலிருக்கும் பிர்தவ்ஸ், அயலில் உள்ள சிவாவோடு பழகுகிறாள். அவளுக்கு நஞ்சு பெற்ற தாயின் கையால் வருகிறது. இதைக் குற்ற நாவல் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஏன்? குடும்ப மானம் என்ற பெயரில் நடந்தால் அது நமக்குக் கொலையாகவே தெரிவதில்லை என்பதாலா?

இந்த நாவலை ஓர் ஆசிரியைக்குக் கொடுத்திருந்தேன். பத்திரிகைத் தாளில் அட்டை போட்டுத் திருப்பித் தந்தார். "டீச்சர், இதெல்லாம் எழுதத்தான் வேணுமா? எங்கட மானம்தானே போகுது" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சிறுபான்மைச் சமூகத்தைக் குறை சொல்ல வெளியில் ஆட்கள் காத்திருக்கும் காலம் இது. ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன். அரசாங்கம் செய்த கொலையை நாவலில் வாசித்தால் கண்ணீர் விடுகிறோம், அமைச்சர் செய்த கொலைக்குக் கோபப்படுகிறோம். எங்கட வீட்டு வாசலுக்குள் வந்ததும் மட்டும் மானம் குறுக்கே நிற்கிறது.

அத்தக்வீர் சூறாவை நாம் தொழுகையில் எத்தனை தரம் கேட்டிருப்போம். உயிரோடு புதைக்கப்பட்ட பெண்பிள்ளையிடம், எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் நாளை அது நினைவூட்டுகிறது. கேள்வி கொன்றவரிடம் போகவில்லை, கொல்லப்பட்டவளிடம் போகிறது. புதைத்தவர்களும் மானத்தைத்தான் காரணம் சொல்லியிருப்பார்கள். நல்ல நாவலும் இதையே தன்னளவில் செய்கிறது. எலும்புக்கூட்டிடம் பெயர் கேட்கிறது, மாலியைச் செத்த பிறகும் பேச வைக்கிறது, பிர்தவ்ஸின் ஆசையையும் பயத்தையும் நமக்கு முன்னால் வைக்கிறது. பிர்தவ்ஸ் செய்தது சரி என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் கொல்லப்பட்டாள் என்று சொன்னால் போதும்.

அந்த ஆசிரியைக்கு இதுதான் என் பதில். அவர் போட்டுத் தந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். புத்தகம் இப்போது ஆசிரியர் அறையில் என் மேசையில் இருக்கிறது. வாசிக்க விரும்புகிறவர்கள் கேட்டு எடுத்துப் போகலாம்.