வீட்டுத் திரையில் ஐந்து படங்கள்

திரைப்படங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுகிறேன். ஒளிப்பதிவின் நுட்பத்தையோ படத்தொகுப்பின் இலக்கணத்தையோ நான் கற்றவனல்லன். நான் வளர்ந்த வீட்டில் சினிமாக் கொட்டகை விலக்கப்பட்ட இடம். ஓய்வுநாள் பள்ளியில் அது குறித்து எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கைகள் பல. போதகர் ஒருவர் கொட்டகை வாசலில் நிற்கக் கண்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அச்செய்தி சேகரம் முழுவதும் பரவிவிடும். ஆகவே, ஐம்பது வயது நிரம்பும்வரை நான் பார்த்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்றோ கொட்டகையே வீட்டுக்குள் வந்துவிட்டது. மகன் வாங்கி மாட்டிய தொலைக்காட்சி கூடத்துச் சுவரில் இருக்கிறது. விசைத்தறிகளின் ஓசை ஓயாத இச்சங்கரன்கோவிலில், இரவு உணவும் குடும்ப ஜெபமும் முடிந்த பின்பு, சென்ற சில வாரங்களில் ஐந்து தமிழ்ப் படங்களைப் பார்த்தேன். யாரும் என்னைக் காணவில்லை. நானும் யாருக்கும் ஒளியவில்லை. எனினும், பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. கொட்டகைக்குப் போகலாமா கூடாதா என்று நாம் பல்லாண்டுகள் வழக்காடினோம். கண்டவன் கண்டபின் என்ன செய்கிறான் என்று கேட்டோமா? இக்கேள்வியையே அளவுகோலாகக் கொண்டு இப்படங்களை நோக்க முயலுகிறேன். கீழ்வரும் வரிசை அவை வெளிவந்த வரிசையன்று. நான் பார்த்த வரிசை.

1. கர்ணன்

மாரி செல்வராஜ் இயக்கி 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த இப்படம் ஒரு சாலையின் நடுவே தொடங்குகிறது. வலிப்பு வந்த சிறுமி ஒருத்தி தரையில் கிடந்து துடிக்கிறாள். அவளுக்கு இருபுறமும் பேருந்துகள் விலகிப் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒன்றும் நிற்கவில்லை. அவள் மாண்டு, அவ்வூரின் தெய்வமாகிறாள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியைப் பற்றி ஆண்டுதோறும் அருளுரை ஆற்றிவரும் எனக்கு, அவ்வழி எவ்வளவு அகலமானது என்பது இக்காட்சியைக் கண்டபோதுதான் விளங்கியது. விலகிப் போகிறவனுக்கும் அவ்வழியில் தாராளமாக இடமிருக்கிறது.

பொடியன்குளம் என்னும் அக்கற்பனைக் கிராமத்தில் பேருந்து நிற்பதில்லை. ஒரு நிறுத்தத்தைக் கேட்பதே கலகமாகிறது. காவல் அதிகாரியின் சினத்தை மூட்டுவது அவ்வூர்ப் பெரியவர்களின் செயலைக்காட்டிலும் அவர்களுடைய பெயர்கள்தாம். எளியவன் ஒருவன் துரியோதனன் என்று பெயர் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நிற்பதை அவரால் தாங்க இயலவில்லை. 1995 ஆகஸ்டு 31 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையினர் புகுந்து வீடுகளையும் பொருள்களையும் நாசமாக்கிய நிகழ்ச்சியின் நிழல் இதில் விழுந்திருப்பதைத் தென்மாவட்டத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இப்படத்தில் நான் காணும் குறை அதன் முடிவைச் சார்ந்தது. கதைத்தலைவன் குதிரையேறி வாளுடன் வரும்போது, பார்க்கின்ற நாமும் அக்குதிரையின் பின்னால் ஏறிக்கொள்ளுகிறோம். தொடக்கத்தில் நாம் பேருந்துக்குள் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை சொன்ன அளவுக்கு அந்த வாள் எனக்கு எதையும் சொல்லவில்லை.

2. ஜெய் பீம்

த. செ. ஞானவேல் இயக்கிய இப்படம் 2021 நவம்பர் 2 அன்று கொட்டகைகளுக்குச் செல்லாமல் நேரே இணையவழியில் வெளியாயிற்று. 1993இல் நிகழ்ந்த ஒரு காவல்நிலைய மரணமும், அதுபற்றி அக்காலத்தில் வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய வழக்குமே இதன் அடிப்படை. அவர் பின்னர் 2006 முதல் 2013 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றியவர். ஆட்கொணர்வு மனு என்னும் சட்டச் சொல்லை வீடுதோறும் அறியச் செய்தது இப்படத்தின் பெருந்தொண்டு எனலாம்.

சிறை வாசலில், விடுதலையாகி வருவோரைச் சாதி கேட்டுப் பிரித்து, கேட்பாரற்றவர்களைப் புதிய பொய் வழக்குகளுக்காக ஒதுக்கும் தொடக்கக் காட்சி மறக்கவொண்ணாதது. ஆயினும் அடி உதைக் காட்சிகள் தேவைக்கு மேல் நீளுகின்றன. துன்பத்தை மிகுதியாகக் காட்டினால் இரக்கம் மிகுதியாகும் என்பது உண்மையன்று. ஓர் எல்லைக்கு மேல் கண்கள் பழகிவிடுகின்றன. உண்மை நிகழ்ச்சியில் இறந்தவர் குறவர் இனத்தார். படத்தில் அவர் இருளர் ஆக்கப்பட்டார். ஓர் எளிய மக்களின் துயரத்தை மற்றோர் எளிய மக்களின் பெயரில் எழுதியது, நல்நோக்கத்துடன் செய்யப்பட்டதாயினும், ஒரு குறையே.

இதனினும் நுண்ணியதொரு குறையும் உண்டு. வழக்கறிஞர் வென்றதும் நமக்கு நிம்மதி பிறக்கிறது. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்! மீட்பர் ஒருவர் வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று எண்ணுவது, மீட்பரைப் பற்றி நாள்தோறும் பேசுகிற நம்மவரிடையே எளிதில் பற்றும் நோய். இப்படத்திலேயே அதற்கு மாற்று மருந்தும் இருக்கிறது. காவல்துறையினர் தங்கள் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகக் கெஞ்சும்போது, செங்கேணி அதில் ஏற மறுத்து, மகளுடன் நடந்தே செல்லுகிறாள். வண்டி அவள் பின்னால் ஊர்ந்து வருகிறது. இழப்பீடாக நீட்டப்படும் பணத்தையும் மறுக்கிறாள். வாதங்களால் நிறைந்த இப்படத்தில் எனக்கு மிக உயர்ந்த வாதமாகத் தோன்றியது அவளுடைய நடை.

3. மண்டேலா

மடோன் அஸ்வினின் இப்படம் 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியிலேயே முதன்முதலாகக் காட்டப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று. வீட்டுத் திரைக்கென்றே பிறந்த படத்துக்கு இதனினும் பொருத்தமான வேளை வாய்த்திருக்காது. பின்னர் இது தேசிய விருதுகளும் பெற்றது.

சூரங்குடி என்னும் ஊர் சாதியால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இரு பக்கத்தாரும் மரத்தடியில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரை ஏவலாளாக வைத்திருக்கிறார்கள். அவரை 'இளிச்சவாயன்' என்று அழைக்கிறார்களேயன்றி, அவருக்கென ஒரு பெயர் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அஞ்சலகத்தில் பணிபுரியும் பெண் ஒருத்தி அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டி, அடையாள அட்டை பெற உதவுகிறாள். இரு தரப்பினரின் வாக்குகளும் சமமாக, அவருடைய ஒற்றை வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. நேற்றுவரை ஏவியவர்கள் இன்று வணங்குகிறார்கள்.

இது சிரிப்புப் படம். நாங்கள் குடும்பமாகச் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியபின் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "நம் தெருவில் முடி வெட்டுகிறவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?" பதினோராண்டுகளாக அவரிடம் தலையைக் கொடுத்து வருகிறேன். எனக்குத் தெரியவில்லை. யோகி பாபுவின் நடிப்பைப் பற்றிப் பல நல்ல சொற்கள் சொல்லலாம். அவற்றுள் முதன்மையானது, அவர் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுத் தாம் சிரியாதிருக்கிறார் என்பதே. முடிவு சற்றே இனிப்பானது. ஓர் ஊர் அவ்வளவு விரைவில் மனந்திரும்பும் என்று நம்புவதற்கு என் ஊழிய அனுபவம் இடந்தரவில்லை.

4. வாழை

2024 ஆகஸ்டு 23 அன்று வெளிவந்த இப்படம் மாரி செல்வராஜ் தம் இளமைப் பருவ அனுபவத்தினின்று வடித்தது. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வாழைக் குலைகளைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றும் குடும்பத்துச் சிறுவன் சிவனைந்தன். வாரத்தில் ஐந்து நாள் பள்ளி. விடுமுறை நாளில் சுமை. தாய் வாங்கிய முன்பணத்தை அவன் கழுத்து அடைக்க வேண்டும். பள்ளிக்கூடம் அவனுக்குச் சுமையில்லாத இடம். ஆசிரியையின் முகம் அவனுக்கு ஓய்வு. பிள்ளைகள் வகுப்பை வெறுப்பதாகக் குறைகூறும் ஆசிரியர்கள் இப்படத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

கூலி உயர்வாக அம்மக்கள் கேட்பது குலைக்கு ஒரு ரூபாய். அதன் ஈடாக, ஆட்களுக்குத் தனி வண்டி மறுக்கப்பட்டு, குலை ஏற்றிய லாரியின் மேலேயே அவர்கள் அமர்ந்து வர நேருகிறது. இனி நடக்கப்போவது என்னவென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இவ்விடத்தில் நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. தொலையியக்கியை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தவன், அன்றிரவு திரும்பவில்லை. மறுநாள் மாலையில்தான் மீதியைப் பார்த்தேன்.

வீட்டில் படம் பார்ப்பவனுக்கும் கொட்டகையில் பார்ப்பவனுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே என்று நினைக்கிறேன். கொட்டகையில் இருட்டும் கூட்டமும் நம்மை இருக்கையில் பிடித்து வைக்கும். வீட்டிலோ பிறர் துயரத்தை வேண்டும்போது நிறுத்தவும், ஓட்டவும், அணைக்கவும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அந்த லாரியின் மேல் இருந்தவர்களுக்கு அத்தகைய பொத்தான் இல்லை.

ஊரே ஒப்பாரி வைக்கும் வேளையில், நாள் முழுவதும் பட்டினி கிடந்த சிறுவன் சோற்றில் கை வைக்கிறான். துக்கத்தில் வெறிகொண்ட தாய் அவனை விரட்டுகிறாள். பசிக்கும் துக்கத்துக்கும் நடுவே அகப்பட்ட அப்பிள்ளையின் குற்றவுணர்வை நான் வேறெந்தப் படத்திலும் கண்டதில்லை. பின்னணி இசை சில இடங்களில் நம்மை அழச் சொல்லி வற்புறுத்துகிறது. அது இல்லாமலே அழுதிருப்போம்.

5. பரியேறும் பெருமாள்

இறுதியாகப் பார்த்தது, முதலில் வந்த படம். பா. இரஞ்சித்தின் தயாரிப்பில் 2018 செப்டம்பரில் வெளியான இதுவே மாரி செல்வராஜின் முதற்படைப்பு. திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியில் சேரும் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞன் பரியன், உடன் பயிலும் பெண்ணின் நட்பினால் அடையும் அவமானங்களே கதை. தண்டவாளத்தில் கட்டப்பட்டு மடியும் கருப்பி என்னும் நாயும், பெண்வேடமிட்டு ஆடும் கலைஞராகிய தந்தை தெருவில் இழிவுபடுத்தப்படுவதும் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. விபத்துப்போலத் தோன்றும்படி கொலைசெய்யும் முதியவர், தாம் செய்வது குலத்துக்குச் செய்யும் ஊழியம் என்றே நம்புகிறார். சமயம் போதிக்கிற எவரும் அம்முகத்தைக் கண்டு அஞ்சவேண்டும்.

எனினும் என் மனத்தைக் குடைந்தவர் அம்முதியவரல்லர், அப்பெண்ணின் தந்தை. அவர் கொடியவரல்லர். தம் வீட்டுத் திருமணத்துக்கு வந்த பரியனைத் தம் உறவினர் அடித்து இழிவுசெய்ததை அறிவார், மனம் நோகிறார், அவனிடமே கெஞ்சுகிறார். தம் உறவினரை மட்டும் அவர் எதிர்த்து நிற்பதில்லை. நல்லவர்களால் நடைபெறும் தீமை இதுதான். திருச்சபையில் எல்லாரையும் சகோதரரே என்று அழைத்துவிட்டு, பெண் கொடுக்கும்போது மட்டும் பழைய கணக்கைப் பார்க்கும் நாம் இம்மனிதரை அறியோம் என்று சொல்ல இயலாது.

படம் ஒரு மேசையில் முடிகிறது. இரண்டு தேநீர்க் குவளைகள். இடையில் ஒரு மலர். வெற்றியும் இல்லை, தண்டனையும் இல்லை. மற்ற நான்கு படங்களுள் எதுவும் செய்யாததை இக்காட்சி செய்தது. அது என்னை என் இருக்கையிலேயே விட்டுவிடாமல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தேநீர்க் கடைக்கு இட்டுச்சென்றது.

அப்பொழுது நான் கல்லூரி மாணவன். விடுதித் தோழன் ஒருவனுடன் அவனுடைய ஊருக்குப் போகும் வழியில் ஒரு கடையில் தேநீர் கேட்டோம். எனக்குக் கண்ணாடிக் குவளை மேசைக்கு வந்தது. அவனுக்குரிய குவளை வெளியே கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவனே எடுத்துக் கழுவிக்கொண்டான். நான் கண்டேன். கண்டுவிட்டு, வரவிருந்த தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டே என் தேநீரைக் குடித்து முடித்தேன்.

நல்ல படம் எது என்பதற்கு இப்போது என்னால் ஓரளவு விடைகூற முடியும். பார்ப்பவனைக் கதைத்தலைவனின் குதிரையிலோ வழக்கறிஞரின் வெற்றியிலோ ஏற்றிவிடும் படம் அவனுக்கு ஆறுதல் அளிக்கிறது. அவனை அவன் நின்றிருந்த இடத்திலேயே மறுபடியும் நிறுத்தும் படம் அவனுக்கு உண்மையை அளிக்கிறது. இவ்விருவகையும் இவ்வைந்து படங்களிலும் கலந்தே இருக்கின்றன. செங்கேணியின் நடையும், பெயரில்லாத முடிதிருத்துநரும், சோற்றில் கை வைத்த சிறுவனும், இரண்டு குவளைகளும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவையே நிலைக்கும் என்பது என் துணிபு.

படம் முடிந்த மறுநாள் அத்தோழரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இப்போது ஓய்வு பெறும் தறுவாயிலுள்ள பள்ளியாசிரியர். அன்றைய தேநீர்க் கடையைப் பற்றிப் பேசி, இத்தனை ஆண்டு கழித்தேனும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்பு, "எந்தக் கடையைச் சொல்லுகிறாய்?" என்றார்.

எனக்கு அது ஒரே கடை. அவருக்கு அப்படி எத்தனையோ கடைகள்.