புகைபோக்கி நிற்கிறது, பூங்கா எங்கே?

மும்பை லோயர் பரேலில், பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கி இன்னமும் நிற்கிறது. அதன் அடியிலே அங்காடி! அயல்நாட்டுக் காலணியும் கைக்கடிகாரமும் கண்ணாடிப் பேழையிலே கண்சிமிட்டுகின்றன. பாழ்பட்டுக் கிடந்த ஆலைப் பகுதியைப் பொலிவுறச் செய்துவிட்டோம் என்று பூரிக்கின்றனர் புது நகர் சமைப்போர். பொலிவை நாம் மறுக்கவில்லை. எவருக்கு என்றுதான் கேட்கிறோம்.

பரேல், லால்பாக், வோர்லிப் பகுதிகளை மக்கள் 'கிரண்காவ்' என்றனர். ஆலையூர் என்று பொருள். ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம். 1982 சனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய 2½ இலட்சம் தொழிலாளத் தோழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போராட்டம் முறிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. நிலத்தின் விலையோ ஏறிற்று!

1991இல் மராட்டிய அரசு ஒரு விதி வகுத்தது. ஆலை நிலத்தில் புதிதாகக் கட்டுவோர், மூன்றில் ஒரு கூற்றை மாநகராட்சிக்குத் திறந்தவெளிக்கென அளிக்கவேண்டும். ஒரு கூற்றைப் பொது வீட்டுவசதிக்கு அளிக்கவேண்டும். எஞ்சிய கூறு உரிமையாளருக்கு. நல்ல விதி என்றே சொல்வோம். ஒற்றை அறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓடியாட ஒரு திடல் கிடைத்திருக்குமன்றோ? 1996இல் அமைந்த, கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழுவும், ஆலைக்கு ஆலை துண்டாடாமல் நிலங்களை ஒருங்கே திட்டமிடச் சொல்லிற்று.

வந்தது 2001. கூடவே வந்தது ஒரு திருத்தம்! கூறுபோட வேண்டியது முழு நிலத்தை அன்று, கட்டடமில்லாத வெற்று நிலத்தை மட்டுமே என்றாயிற்று. நூற்புக் கூடமும் நெசவுக் கூடமும் கிடங்கும் அடைத்துக்கொண்டது போக, ஆலை வளாகத்திலே வெற்று நிலம் எவ்வளவு மிஞ்சும், எண்ணிப் பாருங்கள்! பலாச் சுளைகளை ஒருவனுக்கே ஒதுக்கிவிட்டுத் தோலை மூன்றாக வெட்டிய பங்கீடு இது. உயர்நீதிமன்றம் 2005இல் இதனை ஏற்கவில்லை. 2006இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

நிலத்தை விற்றால்தானே தொழிலாளியின் நிலுவையைத் தீர்க்கமுடியும் என்பாருமுண்டு. நிலுவை அவன் உழைத்த கூலி, ஐயா! அதைக் கொடுப்பதற்கு அவன் பிள்ளையின் திடலையா விலையாகக் கேட்பது?

கடையும் அலுவலகமும் கூடாதென்பதல்ல நம் வாதம். குடியிருப்பும் பணியிடமும் பூங்காவும் கலந்திருக்கத்தானே விதியே பிறந்தது! அங்காடியின் முற்றத்தைக் காட்டி, இதோ திறந்தவெளி என்கிறார்களே, லால்பாக் சிறுவர்கள் நால்வர் மட்டையும் பந்துமாக அங்கே சென்றால், வாயிற்காவலர் உள்ளே விடுவாரா?