வாத்தியார் எழுதிய நாடகங்கள்

ஆழ்வார்பேட்டையில் வளர்ந்த எனக்கு நாடகம் என்றால் டி.டி.கே. சாலை நாரத கான சபாதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கூட்டிக்கொண்டு போவார். ஒரு சோபா, ஒரு மாமனார், ஒரு மாப்பிள்ளை, நிமிஷத்துக்கு ஒரு ஜோக். முடிந்ததும் கேண்டீனில் டிபன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இதே தமிழில் வேறு மாதிரி நாடகமும் உண்டு என்று தெரிய எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. அதையும் மேடையில் பார்க்கவில்லை, புத்தகமாகத்தான் படித்தேன். இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’.

இ.பா. 1930இல் பிறந்தவர், கும்பகோணத்துக்காரர். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் தி. ஜானகிராமன். பிறகு இவரும் ஆசிரியரானார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார், எண்பதுகளில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார், திரும்பி வந்து புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளியைத் தொடங்கி நடத்தினார். அந்தப் பெயர் பொருத்தமானது. பழைய பாய்ஸ் கம்பெனிகளில் நாடகம் எழுதி, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பவருக்கு ‘வாத்தியார்’ என்றுதான் பெயர். சுவாமிகள் அப்படிப்பட்ட வாத்தியார்.

இ.பா. மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டும் இந்த வாத்தியார்த்தனம்தான். அவருடைய பாத்திரங்கள் எல்லாருமே நன்றாகப் படித்தவர்கள் மாதிரி பேசுவார்கள். யாருக்கும் நாக்குக் குழறாது. இந்தக் குறையை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது அவருடைய நாவலில் செய்வது ஒன்று, நாடகத்தில் செய்வது இன்னொன்று என்று நினைக்கிறேன்.

‘குருதிப்புனல்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதைப் பின்னணியாகக் கொண்டது. 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவு ஒரு காரணமாக வருகிறது. இடதுசாரிகள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. கூலியும் நிலமும் சாதியும் சேர்ந்து மூட்டிய தீயை ஒரு தனி மனிதனின் உடம்புக்குள் கொண்டுபோய் விளக்குவது, அந்தத் தீயைச் சின்னதாக்கிவிடுகிறது. இங்கே விளக்குபவர் ஆசிரியர். அவர் சொன்னால் அது தீர்ப்பு.

நாடகத்தில் அந்த வசதி அவருக்குக் கிடையாது. 1974இல், நெருக்கடி நிலைக்கு முந்தைய வருடம் எழுதிய ‘ஔரங்கசீப்’பிலும் மனசைத் தோண்டும் வேலை நடக்கிறது. ஷாஜகான் கறுப்புப் பளிங்கில் இன்னொரு மகால் கனவில் இருக்கிறார். தாரா எல்லா மதமும் சேர்ந்து வாழும் நாட்டைக் கனவு காண்கிறான். அப்பாவின் பிரியம் அவனுக்குத்தான். ஔரங்கசீப்புக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் இந்த மனக்குறையை எழுத்தாளர் நமக்குச் சொல்வதில்லை, ஔரங்கசீப்பே பேசுகிறான். அதனால் அது தீர்ப்பாகாமல் அவனுடைய வாதமாக நிற்கிறது. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். தவிர, இங்கே பேச்சு வெறும் பேச்சு இல்லை. இந்தச் சண்டையில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் ஒரு நாடு போகப்போகிறது.

1978இல் வந்த ‘நந்தன் கதை’யில் அவர் மறுபடி தீயிடம் வருகிறார். பக்தி நந்தனைப் பரிசுத்தமாக்கிய தீ இது இல்லை. ஆதிக்க சாதிக்காரர்கள் திட்டமிட்டு அவனை இறங்க வைக்கும் தீ. பக்தியும் கலையுமே அவனுக்கு வைத்த கண்ணிகள். வெண்மணிக்குப் பத்து வருஷம் கழித்து ஒருவர் நந்தனை எழுதுகிறார் என்றால் அந்தக் குடிசையை நினைக்காமல் எழுதியிருக்க முடியுமா? நாவலில் விட்டதை நாடகத்தில் பிடித்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. இந்த முறை யாருடைய உடம்பையும் காரணம் காட்டவில்லை. ஒரு ஊரே சேர்ந்து செய்வதைக் காட்டுகிறார்.

‘இராமாநுஜர்’ நாடகத்துக்கு 1999ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் கிடைத்தது. ‘ஔரங்கசீப்’ இந்தியில் மேடையேறியது. ஆனால் சபா வாசலில் வளர்ந்த எனக்கு இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்க வாய்க்கவில்லை.

போன மாதம் அப்பாவிடம் இதைப் புலம்பினேன். "நாடகம்னா சிரிச்சுட்டு வரணும்டா. ஆபீஸ்ல படற பாடு போதாதா?" என்றார். சரி, படிச்சாவது பார்க்கலாம் என்று ஹாலில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டோம். அப்பா ஷாஜகான், நான் ஔரங்கசீப். மனசுக்குள் படித்தபோது கட்டுரை மாதிரி இருந்த வரிகள், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கும்போது அப்படி இல்லை. ஒரு இடத்தில் அப்பா தன் வரியைச் சொல்லாமல் என்னையே பார்த்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக்கொடுக்கப் போனேன்.

"இருடா, பதில் சொல்லணும்ல. யோசிக்கிறேன்" என்றார்.