சாவியும் கைநாட்டும்: உடைமை பற்றிய ஒரு புதிய சொல்லாடலை வாசித்தல்

1

பிளாக்செயின் என்றதும் நம்ம சிறுபத்திரிகை வட்டத்தில் இரண்டே விதமான எதிர்வினைகள்தான். இடதுசாரி நண்பர்களுக்கு அது சூதாட்டம். அத்தோடு பேச்சு முடிந்தது. பின்நவீனத்துவம் பேசுகிற நண்பர்களுக்கோ 'மையம் ஒழிந்தது' என்கிற குதூகலம்; அவர்களுக்கும் அத்தோடு பேச்சு முடிந்தது. சூதாட்டம் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விலை ஏறுவது, இறங்குவது பற்றி இங்கே நான் பேசப் போவதில்லை. 'இது என்னுடையது' என்று ஒருவர் சொல்வதற்கு இந்தத் தொழில்நுட்பம் ஒரு புது இலக்கணம் எழுதியிருக்கிறது. இலக்கணம் என்று வந்துவிட்டால் தமிழ் எம்.ஏ. படித்தவனும் நாலு வார்த்தை பேசலாம் என்று நினைக்கிறேன்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. 2009 ஜனவரி 3இல் பிட்காயினின் முதல் தொகுதி உருவானது. வங்கிகளுக்கு அரசு இரண்டாம் முறை முட்டுக் கொடுக்கப் போவது பற்றிய லண்டன் 'டைம்ஸ்' தலைப்புச் செய்தி அந்தத் தொகுதிக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, இந்தப் பிரதி வங்கிக்கு எதிரான பிரதியாகவே தொடங்குகிறது. அதை எழுதியவர் 2011இல் விலகிப் போய்விட்டார். யாரென்று இன்றுவரை நிறுவப்படவில்லை. ரோலண் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். ஆசிரியரே இல்லாத பிரதி ஒன்று கோடிக்கணக்கில் புழங்குகிறபோது அதை ஏன் வாசிக்காமல் விட்டோம்?

இதன் அமைப்பு எளிமையானது. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேடு. அதில் ஆள் பெயர் கிடையாது, முகவரிகள் மட்டும். ஒரு முகவரியில் இருப்பதை எடுத்துச் செலவழிக்க வேண்டுமானால் அதற்குரிய தனிச்சாவியால் கையொப்பமிட வேண்டும். இந்தச் சாவி இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை. 256 பிட் நீளமுள்ள ஓர் எண். 'வாலட்' என்று சொல்கிறார்களே, அந்தப் பைக்குள்ளே காசு இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். காசு பேரேட்டில் ஒரு வரியாக இருக்கிறது. பைக்குள் இருப்பது சாவி மட்டும்தான்.

இங்கிருந்துதான் இந்த உலகத்தின் மூலமந்திரம் பிறக்கிறது: 'சாவி உன்னுடையது இல்லையென்றால் காசும் உன்னுடையது இல்லை.'

2

இந்த மந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தமிழில் உடைமை, உரிமை, பாத்தியதை, அனுபோகம், கைவசம் என்று பல சொற்கள் இருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் இல்லை. பத்திரம் ஒருத்தர் பேர்ல, பட்டா இன்னொருத்தர் பேர்ல, உழுது சாப்பிடறது மூணாவது ஆள் என்கிற நிலைமை கிராமத்தில் யாருக்கும் புதிதல்ல. இந்தச் சொற்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில்தான் குத்தகைதாரர் போராட்டம் நடந்தது, பெண்களின் பங்குக்கான வழக்குகள் நடந்தன. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. நிலம் அண்ணன் தம்பி கைவசமே இருந்திருக்கும். ஆனாலும் கைவசம் வேறு, உரிமை வேறு என்று மகளால் வாதாட முடிந்தது.

சாவி மந்திரம் இந்த இடைவெளியை இழுத்து மூடிவிடுகிறது. அதன்படி கைவசமே உரிமை. சாவியைத் திருடியவனும் பேரேட்டின் கண்ணில் உடைமையாளனே. சாவி இல்லாத மகளுக்குப் பேரேட்டில் இடமே கிடையாது.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பையோடு போய்விட்டது. ஏறத்தாழ 8,000 பிட்காயின். குப்பைமேட்டைத் தோண்டிப் பார்க்க விடுங்கள் என்று நகராட்சியோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். மேட்டில் விழுந்த பொருள் எங்களுடையது என்றது நகராட்சி. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. காசு பேரேட்டில் அப்படியே இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாராலும் தொட முடியாது.

கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்ச் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அதன் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம்ம ஜெய்ப்பூரில் இறந்தார். சாவிகள் அவரோடு போய்விட்டன என்று முதலில் சொல்லப்பட்டது. 2020இல் ஒன்டாரியோ பங்கு ஆணையம் விசாரித்துப் பார்த்ததில், நடந்தது மோசடி, பணத்தில் பெரும்பகுதி முன்னமே கரைந்துபோனது என்று தெரிய வந்தது. சாவி தொலைந்தது என்கிற கதையாடல் பணம் தொலைந்ததை மூடிவைக்கும் திரையாக இருந்திருக்கிறது.

இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் மந்திரக்காரர்கள் சொல்வது ஒரே பதில்தான்: 'அதான் சொன்னோமே, சாவியை நீயே வெச்சுக்கணும்னு.' யாரையும் நம்பாத, யாருக்கும் கடன்படாத, தனியாக நிற்கிற மனிதன்தான் இந்தப் பதில் கற்பனை செய்கிற ஆள். சி.பி. மக்ஃபர்சன் 1962இல் 'உடைமைத் தனிமனிதவாதம்' என்று பெயர் வைத்தது இவனுக்குத்தான். இவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, மறதி இல்லை, சாவு இல்லை.

3

256 பிட் எண்ணை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் 2013இல் ஓர் ஏற்பாடு வந்தது. 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டோ இருபத்துநான்கோ சொற்கள். சாவிகள் எல்லாம் அவற்றிலிருந்து பிறக்கும். ஒவ்வொரு சொல்லும் 11 பிட். பன்னிரண்டு சொல் என்றால் 132 பிட். அதில் 128 தற்செயல், 4 சரிபார்ப்பு. ஆங்கிலப் பட்டியலின் முதல் சொல்லுக்குத் தமிழில் 'கைவிடு' என்று அர்த்தம். யார் பார்த்த சகுனமோ!

பொருள் இருந்தும் பொருள்படாத சொல்வரிசை இது. வாக்கியம் இல்லை, திணை பால் இல்லை, ஆனால் வரிசை மாறினால் எல்லாம் போச்சு. மந்திரம் என்று நான் சொன்னது வெறும் கேலி இல்லை. தவறாக உச்சரித்தால் பலிக்காது, அந்நியன் காதில் விழுந்தால் ஆபத்து என்கிற பழைய விதிகள் அப்படியே இங்கே திரும்பி வந்திருக்கின்றன.

அந்த முன்மொழிவோடு சேர்ந்த அதிகாரபூர்வப் பட்டியல்கள் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானிஷ், சீனத்தின் இருவகை எழுத்து, பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துகீசியம் ஆகியவற்றில் இருக்கின்றன. தமிழில் இல்லை, எந்த இந்திய மொழியிலும் இல்லை. 'தமிழுக்கு அவமானம்' என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. விஷயம் வேறு. தமிழ் வழியில் எட்டாவது வரை படித்த ஒரு பெண் இந்தப் பன்னிரண்டு சொல்லையும் எழுத்துப் பிசகாமல் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். உடைமை எழுத்தறிவோடு, அதுவும் ஆங்கில எழுத்தறிவோடு, முடிச்சுப் போடப்படுகிறது. எழுத்து யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் நிலமும் இருந்தது என்கிற பழைய கணக்கை நாம் மறந்துவிடவில்லை.

4

தனிமனிதனின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது என்பது தொழில்நுட்பக்காரர்களுக்கும் தெரியும். அதனால் சாவியைப் பிரிக்கிறார்கள். இதன் கணிதத்தை 1979லேயே அடி ஷமீர் எழுதிவிட்டார். காகிதத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அதன் வழியாக எத்தனை நேர்கோடு வேண்டுமானாலும் போடலாம். இரண்டு புள்ளி இருந்தால் ஒரே கோடுதான். அந்தக் கோடு அச்சை வெட்டுகிற இடத்தில் ரகசியத்தை வைத்துவிட்டு, கோட்டிலுள்ள வேறு புள்ளிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால், எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும் ரகசியம் கிடைக்கும். ஒருவர் மட்டும் வைத்திருப்பது ஒன்றுமே சொல்லாது. கோட்டுக்குப் பதில் வளைவு போட்டால் மூன்று பேர், நான்கு பேர் என்று கூட்டிக்கொள்ளலாம். வங்கி லாக்கரில் உங்கள் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கிட்டத்தட்ட அது மாதிரி. 2021இல் எத்தீரியத்தின் விட்டாலிக் பூட்டரின், சாவி தொலைந்தால் மீட்டுத் தருவதற்கு நண்பர், உறவினர் போன்ற காவலர்களை நியமித்துக்கொள்ளும் முறையை வலியுறுத்தி எழுதினார்.

எனக்கு இது முக்கியமான திருப்பம். வாசல் வழியாகத் துரத்தப்பட்ட சமூகம் கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது. 'யாரையும் நம்பாதே' என்று தொடங்கிய பிரதி, 'யாரை நம்புவாய்?' என்று கேட்க வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிறது. இந்தக் கேள்வி கணிதக் கேள்வி அல்ல. ஒரு பெண்ணின் ஐந்து காவலர்களும் புருஷன் வீட்டு ஆட்களாக இருந்தால், மையமற்ற அந்தச் சாவி மாமனார் வீட்டுப் பீரோ சாவிதான். ஒருவரையொருவர் அறியாத சிநேகிதி, சங்கத் தோழர், பழைய டீச்சர் என்று அவளே தேர்ந்துகொண்டால், குடும்பமும் சாதியும் தராத ஒரு பாதுகாப்பை அதே கணிதம் அவளுக்குத் தரக்கூடும். ஆகவே 'மையமழிப்பு' என்று பொதுவாகப் புகழ்வதும் திட்டுவதும் எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

5

சாவியைப் பலர் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. போனது, பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் திறக்கிற பெட்டியிலிருந்து. திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையொப்பமிடப்பட்டதும் வேறு வேறு என்றது நிறுவனம். பெட்டியைப் பராமரித்த நிறுவனமும் இதுவும் ஒன்றையொன்று கை காட்டின. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் இதே மாதிரி போனது. கையொப்பமிடும் மென்பொருளின் முகப்பில் கள்ளநிரல் புகுத்தப்பட்டிருந்தது. வழக்கமான பரிமாற்றம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்மையில் பெட்டியையே எழுதிக் கொடுத்தார்கள்.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் நடுவே இயல்பான பந்தம் கிடையாது என்று சசூரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தோம். அந்த இடுக்கில் கை விட்டு 150 கோடி டாலரை உருவ முடியும் என்பதை இங்கே பார்க்கிறோம். கைகள் பல இருந்தன, கண் ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் ஒரே முகப்பின் வழியாகவே வாசித்தார்கள். சாவி பரவலாக்கப்பட்டது, வாசிப்பு பரவலாக்கப்படவில்லை. மையம் அங்கேதான் ஒளிந்திருந்தது.

நம்ம ஊரில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: கைநாட்டு. வெற்றுப் புரோநோட்டில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, தொகையைப் பிறகு நிரப்பிக்கொள்வது. ரேகை அசல்தான், கை அவனுடையதுதான். பத்திரம் மட்டும் அவன் வாசிக்காதது.

கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் இதில் விலக்கில்லை. 2023 ஜனவரியில் நியூயார்க் திவால் நீதிமன்றம், செல்சியஸ் நிறுவனத்தின் வட்டிக் கணக்குகளில் போடப்பட்ட நாணயங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்றது. சுமார் 6 லட்சம் கணக்குகள், 420 கோடி டாலர். காரணம், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று வாடிக்கையாளர் அழுத்திய நிபந்தனைகளில் அப்படி எழுதியிருந்தது. அதுவும் கைநாட்டுதான், ஆங்கிலம் தெரிந்த கைநாட்டு.

6

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு வழங்கினார். வாசிர்எக்ஸில் 3,532.30 எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒருவரின் வழக்கு. திருடு போனது வேறு வகை நாணயம். ஆனாலும் அவருடைய கணக்கும் முடங்கியது, நஷ்டத்தை வாடிக்கையாளர் எல்லார் தலையிலும் பரப்பும் திட்டம் வந்தது. கிரிப்டோ நாணயம் தொட்டறியும் பொருளும் அல்ல, செலாவணியும் அல்ல, ஆனால் சொத்து. ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியது என்று நீதிமன்றம் சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

மந்திரக்காரர்களுக்கு இது கசக்கும். சாவியே இல்லாத ஒருவருக்கு உரிமை உண்டு என்று சொல்லப்பட்டுவிட்டது. கைவசத்துக்கும் உரிமைக்கும் நடுவே மூடப்பட்ட இடைவெளி மறுபடி திறந்திருக்கிறது. அரசு என்கிற மையம் திரும்பி வந்துவிட்டதே என்று நண்பர்கள் கேட்கலாம். வரட்டும். நீதிமன்றத்தால் பேரேட்டில் ஒரு வரியைக்கூட நகர்த்த முடியாது. சாவி வைத்திருக்கும் ஆளைத்தான் கட்டுப்படுத்த முடியும். அந்த ஆள் எல்லை தாண்டிப் போய்விட்டால் தீர்ப்பு காகிதம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாவிட்டால், ஏமாற்றப்பட்டவர் 'இது என்னுடையது' என்று சொல்வதற்கு ஒரு மொழியே இருக்காது.

ஆகவே சாவியைப் பரவலாக்குவது பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கையொப்பமிடுவதற்கு முன்னால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கருவிகளில், கையொப்பமிடுகிறவரின் மொழியில் ஒரு வரி வர வேண்டும்: 'இதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் உங்களுடைய இன்னின்ன சொத்து இன்னாருக்குப் போகும், திரும்ப வராது.' அந்த வரியைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு 'முடியாது' என்று சொல்ல ஒருத்திக்கு முடிகிறவரை, மையம் ஒழிந்தது என்று யாரும் விழா எடுக்க வேண்டாம்.