கருத்து இடைவெளி: என். எஸ். பிரபுவை மறுபடி வாசித்தல்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. ‘இங்கிலீஷ் வந்தாத்தான் சோறு’ என்பது ஒன்று. அது காலனியத்தின் எச்சம், தூக்கிப் போடு என்பது மற்றது. இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்ற வம்புக்கு நான் போகவில்லை. இருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் படித்து வெளியே வரும் பிள்ளையால் அந்த மொழியைக் கொண்டு என்ன செய்ய முடிகிறது?

இக்கேள்வியை ஆய்வாகவே எடுத்துச் செய்த முயற்சிகளில் முக்கியமான ஒன்று நம் பக்கத்தில்தான் நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் நடத்திய சோதனை அது. ‘பெங்களூர்த் திட்டம்’ என்ற பெயரில் உலகெங்கும் மொழிக்கல்வித் துறையில் படிக்கப்படுகிறது. அதை விவரித்து அவர் எழுதிய ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ 1987-ல் வெளிவந்தது. திருவண்ணாமலையிலிருந்து கடலூர் சில மணிநேர பஸ் பயணம்தான். ஆனால் அந்த வகுப்பறைகளில் பிறந்த கோட்பாடு லண்டன் போய்ச் சேர்ந்த அளவுக்கு இங்கே வந்து சேரவில்லை.

பிரபு எதை எதிர்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். 1950களிலிருந்தே சென்னை மாகாணம் ஆங்கிலம் கற்பித்தலுக்கு ஒரு பரிசோதனைக் கூடம். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாய்ப்பாடு மாதிரிச் சொல்லவைத்துப் பழக்கும் முறை கொண்டுவரப்பட்டது. அதற்காக 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர நடந்த முயற்சிக்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர். பனியே பார்க்காத ஊருக்கு இப்படி ஒரு பெயர்! பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தர, உருள உருளப் பந்து பெருக்கும் என்பது கணக்கு. பிள்ளைகள் வாக்கியங்களைச் சொன்னார்கள். சொல்வதற்கென்று அவர்களிடம் ஒரு விஷயம் இருக்க வேண்டும் என்பதை அந்த முறை யோசிக்கவில்லை.

பிரபு இதைத் தலைகீழாக்கினார். மொழியைக் கவனித்தால் மொழி வராது, அர்த்தத்தில் மனசு முழுகியிருக்கும்போதே இலக்கணம் உள்ளே படிகிறது என்றார். வகுப்பில் ரயில் கால அட்டவணையைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள், வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதலில் ஆசிரியர் அதே மாதிரி வேலை ஒன்றை வகுப்போடு பேசிப் பேசிச் செய்துகாட்டுவார். பிறகு பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். பாதிப் பிள்ளைகளாவது பாதி வேலையைச் சரியாகச் செய்தால் அது பொருத்தமான வேலை என்பது அளவுகோல். குளுகுளு அறையில் எழுதிய கோட்பாடு அல்ல இது. ஏழைப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்த வகுப்புகளில் செய்து பார்த்தது.

இந்தக் கோட்பாட்டின் பாதி உண்மை எங்கள் ஊர்த் தெருவில் தினமும் நிரூபணமாகிறது. ரமணாசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இளநீர் விற்கிறவர்கள், கிரிவலப் பாதையில் மாலை விற்கிற பெண்கள் என்று பலரும் வெளிநாட்டுக்காரர்களோடு ஆங்கிலம் பேசிப் பிழைக்கிறார்கள். இவர்களுக்கு யாரும் இலக்கணம் நடத்தவில்லை. வேலை நிஜமானது, அதனால் மொழி வந்தது. பிரபு பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஆனால் ஒரு ஆட்டோ ஓட்டுநர் என்னிடம் சொன்னார்: “வாடகை பேசற வரைக்கும் இங்கிலீஷ் வந்துடுது சார். அவன் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டான்னா திருப்பி இன்னான்னு கேக்கத்தான் வாய் வரமாட்டேங்குது.” இரண்டாம் மொழி ஆய்வுகள் பலவும் தொடாத இடத்தை இவர் தொட்டுவிட்டார். விற்கிறவனுக்கு வேண்டிய ஆங்கிலம் அவருக்கு வந்துவிட்டது. மறுத்துப் பேசுகிறவனுக்கு வேண்டியது வரவில்லை.

இங்கிருந்து பிரபுவிடம் திரும்பினால் அவர் நூலின் முக்கியமான முடிச்சு தெரிகிறது. வகுப்பறை வேலைகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: தகவல் இடைவெளி, தர்க்க இடைவெளி, கருத்து இடைவெளி. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்வது முதலாவது. தெரிந்ததிலிருந்து தெரியாததை யோசித்துப் பெறுவது இரண்டாவது. தன் விருப்பத்தை, நிலைப்பாட்டைச் சொல்வது மூன்றாவது. திட்டம் பெரிதும் சார்ந்து நின்றது இரண்டாவதை. மூன்றாவது ஓரத்துக்குப் போனது. கருத்துக்குச் சரி-தப்பு இல்லை, ஆரம்ப நிலைப் பிள்ளைக்கு அது பிடிமானமில்லாத தவிப்பைத் தரும் என்பது அவர் வாதம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் பயத்தை அறிந்தவர் சொல்லும் வாதம் இது. லேசாகத் தள்ளிவிட முடியாது.

இருந்தாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று பிள்ளை கணக்குப் போடலாம். எங்க ஊருக்கு ஏன் ரயில் வரலை என்று கேட்க அந்த வகுப்பில் இடம் உண்டா? கேள்வி எப்போதும் ஆசிரியர் கையில், பதில் பிள்ளை கையில். கருத்து பிறகு என்றார்கள். அந்தப் ‘பிறகு’ எந்தப் பாடத்திட்டத்தில் வந்தது?

தள்ளிவைத்தாலும் கருத்து சும்மா இருப்பதில்லை. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தை 1993-ல் ஒரு கட்டுரையாகவும், பிறகு 1999-ல் நூலாகவும் எழுதினார். போர்க்காலம். வகுப்பில் இருந்ததோ அமெரிக்கப் பாடநூல். மாணவர்கள் வாய்திறந்து எதிர்க்கவில்லை. தேர்வுக்காக இலக்கணம் நடத்தச் சொன்னார்கள். ஆனால் புத்தகத்தின் ஓரங்களில் படம் போட்டார்கள், தமிழ்ப் பாட்டு வரிகளையும் போராட்டம் பற்றிய குறிப்புகளையும் எழுதினார்கள். பாடத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அந்த ஓரத்தில் இருந்தது. பிரபு ஓரத்துக்குத் தள்ளிய கருத்தை யாழ்ப்பாண மாணவர்கள் புத்தகத்தின் ஓரத்திலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

இது வகுப்பறையோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. எங்கள் ஊரை ஒட்டிய கவுத்தி, வேடியப்பன் மலைகளில் இரும்புத்தாது எடுக்கும் திட்டத்தை எதிர்த்துச் சுற்றுக் கிராமங்கள் போராடின. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு 2006-ன் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி மக்கள் கூட்டம் நடத்த வேண்டும். தமிழில் அதற்குப் பெயரே கருத்துக் கேட்புக் கூட்டம். உள்ளூர் மொழியில் தர வேண்டியது அறிக்கையின் சுருக்கத்தை மட்டும்தான். முழு அறிக்கை ஆங்கிலத்தில் கனமாக மேசைமேல் இருக்கும். கருத்துச் சொல்லக் கூப்பிடுகிறார்கள், எதைப் பற்றிய கருத்து என்பதைப் படிக்கவிடாமல். 2020-ல் அந்த அறிவிக்கையைத் திருத்தும் வரைவு வந்தபோது, அதை 22 மொழிகளில் பெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அறிக்கையைத் தமிழில் கேட்பது நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. கூடவே, ஆங்கில மூலத்தைப் புரட்டி ‘இந்தப் பக்கம் சுருக்கத்தில் ஏன் இல்லை?’ என்று கேட்கும் ஒரு பெண் ஊருக்கு ஒருத்தியாவது வேண்டும். அவளை உருவாக்க பிரபுவின் முறையே உதவும், வரிசையை மாற்றிப் போட்டால். ரயில் அட்டவணை இருந்த இடத்தில் தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில அறிக்கையின் ஒரு பக்கத்தையும் வையுங்கள். எது விடுபட்டது என்று தேடுவது தர்க்க வேலை, அதற்குச் சரி-தப்பு உண்டு, பிடிமானம் உண்டு. ஏன் விட்டார்கள் என்று முதலில் தமிழில் பேசட்டும், சண்டை போடட்டும். அவர்கள் சொன்னதற்கு ஆங்கிலம் தேடித் தருவது ஆசிரியர் வேலை. கருத்து முதலில், மொழி அதன் பின்னால்.

1990-ல் பிரபுவே ஒரு கட்டுரையில், மிகச் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, தான் செய்வது பிள்ளைகளுக்கு எப்படிப் பயன்படுகிறது என்ற உயிருள்ள உணர்வு ஆசிரியருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி என்று வாதிட்டார். அந்த உணர்வு ஆசிரியருக்கு வர வேண்டுமானால், பிள்ளை அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். தமிழ்ப் பாட வகுப்பிலேயே திருப்பிக் கேட்க விடாத பள்ளி, ஆங்கிலத்தில் மட்டும் எப்படிப் பேசவைத்துவிடும்?