விடுதலைப் பத்திரம்

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. திராவிட அரசியலின் பெருமைகளில் 1989 சட்டத்தை நானும் முன்வரிசையில்தான் வைக்கிறேன். ஆனால் அது, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமான மகள்களை வெளியே நிறுத்தியது. என் அம்மாவும் அவர்களில் ஒருவர். 2005இல் மத்திய அரசின் திருத்தம்தான் அந்தத் தடையை நீக்கியது.

குருபரப்பள்ளிக்கு சிப்காட் வந்து நிலத்தின் விலை ஏறியதும் அண்ணன்மார்களுக்குத் தங்கைகளின் நினைவு வந்தது. பங்கு கொடுக்க அல்ல. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போக. பங்கை விட்டுக்கொடுத்து அங்கே எழுதித் தரும் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பெரியார் நடத்திய நாளேட்டின் பெயரும் ‘விடுதலை’தான். கையெழுத்துப் போடாதவளுக்குத் தாய்வீட்டு வாசல் அடைபடும். பிள்ளைகளின் விசேஷத்துக்குத் தாய்மாமன் சீர் வராது. இந்த விலையை எந்தச் சட்டப்பிரிவும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்று இதே பகுதியில் கம்பெனி பஸ்களில் பெண்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். சம்பளம் வாங்கும் பெண்ணைக் கொண்டாடும் அரசியல், நிலத்தில் பங்கு கேட்கும் பெண்ணோடு நிற்காதவரை 1929 தீர்மானம் நிறைவேறியதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.