சோசலிசச் சிந்தனையும் சுகாதார சேவையும்: இலங்கை இடதுசாரி அனுபவம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

சோசலிச அரசியற் சிந்தனையில் சுகாதார சேவை பெறும் இடம் யாது என்னும் வினா, நம்மிடையே பெரும்பாலும் அரசின் தாராள மனப்பான்மை பற்றிய வினாவாகச் சுருங்கிவிடுகிறது. வைத்தியசாலைகள் எத்தனை, ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு என்ற கணக்கோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஆயின் அச்சிந்தனையின் மூலங்களை நோக்குமிடத்து, அங்கு இரு கோட்பாடுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதைக் காணலாம்.

முதலாவது, நோயின் காரணம் பற்றியது. இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை குறித்து 1845இல் வெளியிட்ட நூலில் ஏங்கல்ஸ், தொழிலாளரின் அகால மரணத்தைச் ‘சமூகக் கொலை’ எனச் சுட்டினார். நோய் வாழ்நிலையின் விளைவு. வாழ்நிலையோ உற்பத்தி உறவுகளின் விளைவு என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டாவது, சிகிச்சையின் விநியோகம் பற்றியது. 1948இல் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன், நோயுற்ற வேளையில் நோயாளியிடம் பணம் கேட்கலாகாது என்பதை அடிப்படைக் கொள்கையாகக் கொண்டார். செயற்கைப் பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் தமது தொழிற்கட்சி அரசாங்கமே முற்பட்டபோது, 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் துறந்தார். தொகை சிறிதெனினும் மீறப்படுவது கொள்கை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவற்றின் ஒளியில் இலங்கை இடதுசாரி இயக்கத்தை நோக்குதல் பொருத்தமானது. ஏனெனில், அவ்வியக்கம் ஒரு கொள்ளைநோயின் நடுவிலேயே மக்களிடம் வேரூன்றியது. 1934–35இல் பரவிய மலேரியா சுமார் 80,000 உயிர்களைப் பலிகொண்டது. பருவமழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி நுளம்பு பெருகியது உண்மையே. ஆயினும் பொருளாதார மந்தத்தினால் ஏற்கெனவே மெலிந்திருந்த ஏழைக் கிராமத்தவரிடமே அது பேரழிவாக உருவெடுத்தது. வைத்தியரான எஸ். ஏ. விக்கிரமசிங்க உள்ளிட்ட சூரியமல் இயக்கத்தினர் மருந்தோடு உணவையும் கொண்டு சென்றனர். என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்ற பெயர் வந்தது அப்போதுதான். பருப்பும் மருந்தே என்பதை அவர்கள் செயலில் நிறுவினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936 தேர்தலில் பெரேரா ருவன்வெல்லையில் வெற்றிபெற்றார்.

எனினும் அவ்வனுபவம் இயக்கத்தின் வீர நினைவாக நிலைத்த அளவுக்குக் கோட்பாடாக வளர்க்கப்படவில்லை என்பதே நமது விமர்சனம். இதற்கு 1971ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டில் ஐக்கிய முன்னணி அரசாங்கம், இலவசமாயிருந்த அரச வைத்தியசாலை வெளிநோயாளர் சேவைக்கு 25 சதக் கட்டணம் விதித்தது. அப்போது நிதியமைச்சர் வேறெவருமல்லர், அதே என். எம். பெரேராவே. அந்நியச் செலாவணி நெருக்கடியும், ஏப்ரல் கிளர்ச்சியின் பின்விளைவுகளும் அவ்வரசாங்கத்தை நெருக்கின என்பதை மறுப்பதற்கில்லை. தேவையற்ற வருகையைக் கட்டணம் தடுக்கும் என்று இத்தகைய நடவடிக்கைகளுக்கு ஆதரவாக வாதிடுவதுண்டு. பரிசோதனைக்கு முன்னரே தன் நோய் அற்பமானதா அன்றா என்று நோயாளி அறிந்திருப்பான் எனக் கொள்ளும் வாதம் இது. தனியார் வைத்தியரை நாடும் வசதி படைத்தோனை அக்கட்டணம் தீண்டவுமில்லை. 1977இல் அது நீக்கப்பட்டது.

அதே 1971இல், அதே அரசாங்கத்தின் கீழ், இதற்கு நேர்மாறான முயற்சியொன்றும் நிகழ்ந்தமை ஊன்றி நோக்கத்தக்கது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்துக் கொள்கை பற்றி அறிக்கை சமர்ப்பித்தனர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிபிலேயின் தலைமையில் நிறுவப்பட்டது. வணிகப் பெயர்களின் ஆதிக்கத்தை அகற்றி, அத்தியாவசிய மருந்துகளை உலகச் சந்தையில் மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குவது அதன் நோக்கம். செலவின் சுமையைப் பன்னாட்டு நிறுவனங்களின் இலாபத்தின்மீது சுமத்தியது ஒரு வழி. நோயாளியின்மீது சுமத்தியது மற்றொரு வழி. ஒரே இடதுசாரி மரபு இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது.

மலையகத் தோட்டங்களில் இக்குறைபாடு மேலும் தெளிவாகிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி தொழிலாளரின் வைத்தியம் தோட்ட முதலாளியின் பொறுப்பாயிற்று. அதாவது, நோயை விளைக்கும் உழைப்புமுறையின் உடைமையாளனே அதன் சிகிச்சைக்கும் காவலனானான். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், தோட்ட வைத்தியசாலைகள் ஏனைய குடிமக்களுக்கான சுகாதார சேவையோடு இணைக்கப்படவில்லை. உடைமை மாறியது, தொழிலாளியின் உடல்நலம் நிர்வாகத்தின் செலவினமாகவே கருதப்பட்டது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்தபோது, இலவச சேவை என்பது கட்டணமின்மை மாத்திரமன்று என்பது மீண்டும் புலனாயிற்று. மருந்தை யார் உற்பத்தி செய்கின்றனர், என்ன விலைக்கு வாங்குகிறோம், மக்கள் எதனால் நோயுறுகின்றனர் என்ற வினாக்களைத் தவிர்த்துவிட்டு இலவச சேவையைப் பாதுகாத்தல் இயலாது. 1934இன் நிவாரணப் பணியையும் 1971இன் மருந்துக் கொள்கையையும் ஒரே கோட்பாட்டின் இரு கூறுகளாக இணைத்துச் சிந்திப்பதே முற்போக்காளர் முன்னுள்ள பணியாகும்.